என்டோலா வானில் அன்றிரவு எத்தனை விமானங்கள்?

"விளக்குகள் தெரிகின்றன. என்டோலாவுக்கு மேலே இருக்கிறோம். இறங்குகிறோம்."

1961 செப்டம்பர் 18, நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம். வடக்கு ரொடீஷியாவின் (இன்றைய சாம்பியா) என்டோலா விமான நிலையக் கோபுரத்துக்கு ஒரு டிசி-6பி விமானத்திலிருந்து வந்த செய்தி இது. கோபுரம், உயரமானியைச் சரிப்படுத்தத் தேவையான காற்றழுத்த அளவு 1021 என்று சொல்லி, 6,000 அடிக்கு வந்ததும் தெரிவிக்கும்படி கேட்டது. விமானம் 1021 என்று திருப்பிச் சொன்னது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. ஓடுபாதைக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்குள் விழுந்து எரிந்துபோயிருந்தது அந்த விமானம். உள்ளே 16 பேர். அவர்களில் ஒருவர் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளர் டாக் ஹம்மர்ஷோல்ட்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இது விபத்தா, தாக்குதலா என்ற வாதம் ஓயவில்லை. வாதத்தில் இரண்டு தரப்பு இருக்கிறது. ஒரு தரப்பு விமானம் பறந்த பாதையைக் கையில் எடுத்துக்கொள்கிறது: மரங்களில் விழுந்த வெட்டு, சக்கரங்களின் நிலை, உயரமானியின் முள். இன்னொரு தரப்பு கண்ணால் பார்த்தவர்களின் வாக்குமூலத்தைப் பிடித்துக்கொள்கிறது: இரண்டாவதாக ஒரு சிறிய விமானம், ஒரு மின்னல் வெளிச்சம், அப்புறம் நெருப்பு. ஒன்றை நம்பினால் மற்றதைத் தள்ளிவிட வேண்டும் என்பதுபோலத்தான் இரு தரப்பும் எழுதி வருகின்றன. இரண்டையும் வாசித்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவை இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஒன்றின் கேள்வியை மற்றதிடம் கேட்பதால்தான் குழப்பம்.

முதலில், அவர் ஏன் அந்த நேரத்தில் அங்கே போனார் என்பதைப் பார்த்துவிடலாம். 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை பெற்றது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, செம்பும் கோபால்ட்டும் யுரேனியமும் கொண்ட கட்டாங்கா மாகாணம் மொயிஸ் சோம்பே தலைமையில் பிரிந்து போனது. பெல்ஜியச் சுரங்க நிறுவனமான யூனியன் மினியேரின் பணமும் ஐரோப்பியக் கூலிப்படையும் அவருக்குப் பின்னால் இருந்தன. காங்கோவில் இருந்த ஐநா படையில் இந்திய வீரர்களும் கணிசமாக இருந்தார்கள். 1961 டிசம்பரில் கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில்லில் உயிரிழந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்தது இந்தச் சண்டையில்தான். 1961 செப்டம்பர் 13 அன்று கட்டாங்காவில் ஐநா படை எடுத்த நடவடிக்கை கைமீறிப் போரானது. கட்டாங்காவிடம் இருந்த ஒரே ஒரு ஃபூகா மஜிஸ்டர் ஜெட் விமானம் ஐநா நிலைகளைச் சுட்டு ஆட்டிப்படைத்தது. சோம்பேயை நேரில் சந்தித்துப் போர்நிறுத்தம் பேசவே ஹம்மர்ஷோல்ட் என்டோலாவுக்குக் கிளம்பினார். அந்த ஊர் கட்டாங்கா எல்லையை ஒட்டியது, அன்றைக்குப் பிரிட்டிஷாரின் கீழ் இருந்தது. அங்கே நிர்வாகம் நடத்திய வெள்ளையர் கூட்டாட்சி அரசுக்குக் கட்டாங்கா மீது பரிவு என்பது ஊரறிந்த விஷயம்.

ஒரு ஜெட் விமானத்துக்குப் பயந்துதான் அந்தப் பயணத்தின் பாதையே திட்டமிடப்பட்டது. காங்கோவின் தலைநகர் லியோபோல்ட்வில்லிலிருந்து (இன்றைய கின்ஷாசா) நேராகப் பறந்தால் கட்டாங்கா வானத்தைத் தாண்ட வேண்டும். ஆகவே ஸ்வீடன் விமானி பேர் ஹல்லோன்குவிஸ்ட், போகும் இடம் லுலுவாபூர்க் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கிழக்கே டாங்கனிக்கா ஏரி வரை போய், அங்கிருந்து எல்லையை ஒட்டித் தெற்கே திரும்பினார். கிளம்பியது மாலையில். நாலு மணி நேரத்துக்கு மேல் வானொலியில் வாயே திறக்கவில்லை. பிரிட்டிஷ் அமைச்சர் லார்ட் லான்ஸ்டவுன் சென்ற இன்னொரு விமானம் நேர்வழியில் பறந்து, நள்ளிரவுக்கு முன்பே என்டோலாவில் பத்திரமாக இறங்கிவிட்டது.

இந்தச் சுற்றுவழியால் ஒரு விளைவு உண்டு. விமானத்தின் பாதையில் பெரும்பகுதிக்குச் சாட்சியே கிடையாது. கறுப்புப் பெட்டி இல்லை. ரேடார் பதிவு இல்லை. கோபுரத்தில் பேச்சை ஒலிப்பதிவு செய்யவில்லை. கட்டுப்பாட்டாளர் எழுதிவைத்த குறிப்பு மட்டுமே உண்டு. இப்போது வாதிடுகிற எல்லாரும், "மேலே இருக்கிறோம்" என்ற செய்திக்கும் காட்டில் கிடந்த உடைசலுக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களைத்தான் தங்கள் தங்கள் பென்சிலால் வரைந்து நிரப்புகிறார்கள்.

உடைசல் கிடந்த இடம் சொல்வதைக் கேட்போம். விமானம் செங்குத்தாக விழவில்லை. மிகச் சாய்வான கோணத்தில், சாதாரணமாகத் தரையிறங்க வருவதுபோல மரங்களின் உச்சியைத் தொட்டு, இருநூறு மீட்டருக்கும் மேலே காட்டை வழித்துக்கொண்டு போயிருக்கிறது. இடது இறக்கை ஒரு பெரிய கறையான் புற்றில் மோதியது; விமானம் சுழன்று தலைமாறி நின்று எரிந்தது. சக்கரங்கள் இறக்கிப் பூட்டப்பட்டிருந்தன. வேகம் குறைத்து இறங்க உதவும் இறக்கை மடிப்புகள் (ஃப்ளாப்புகள்) 30 டிகிரி இறங்கியிருந்தன. நான்கு எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன. மூக்கு விமான நிலையத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. என்டோலாவில் இரவில் இறங்குவதற்கான முறையே, நிலையத்துக்கு மேலே வந்து, மேற்கே வெளியே போய், வளைந்து திரும்பி, கிழக்கு நோக்கி ஓடுபாதைக்கு வருவது. அந்த வளைவின் மேல்தான் இந்த இடமும் விழுகிறது.

தவறியது ஒன்றுதான், உயரம். வளைந்து முடிக்கும் வரை 6,000 அடியில் இருக்க வேண்டிய விமானம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,300 அடி உயரத்தில் இருந்த மரங்களில் மோதியது. என்டோலா விமான நிலையமே கடல் மட்டத்துக்கு மேல் 4,100 அடிக்கு மேற்பட்ட மேட்டில் இருக்கிறது. இதை வைத்து ஒரு விளக்கம் அன்றே கிளம்பியது. லியோபோல்ட்வில்லில் என்டோலோ என்று பெயரில் மிக நெருங்கிய இன்னொரு விமான நிலையம் உண்டு; அது தாழ்ந்த இடத்தில் இருப்பது. விமானி அந்த நிலையத்துக்கான இறங்கு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கியிருப்பாரோ என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குச் சான்று என்று எதுவும் இல்லை. கோபுரம் சொன்ன 1021 என்ற அளவை விமானி சரியாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். மூன்று உயரமானிகளை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். கோளாறு எதுவும் தெரியவில்லை.

அப்படியென்றால் களைப்பு? இருட்டில் காட்டுக்கு மேல் பறக்கும்போது கண் ஏமாற்றுவதுண்டு. கீழே ஒரு விளக்கும் இல்லாத கறுப்பு வெளியில், தூரத்தில் ஓடுபாதை விளக்குகள் மட்டும் தெரிந்தால், விமானி தான் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக நினைத்துவிடுவார். 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடன் அரசுக்காக இதை ஆராய்ந்த தூதர் பெங்க்ட் ரோசியோ இந்தப் பக்கம்தான் சாய்ந்தார். விமானத் துறையில் இப்படிப்பட்ட விபத்துகள் நூற்றுக்கணக்கில் நடந்திருக்கின்றன. தாக்குதல் என்று நம்புகிறவர்கள் இந்த விளக்கத்தை ஏதோ மூடிமறைப்பு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவது சரியில்லை.

பாதை சொல்வது அவ்வளவுதான். விமானம் எங்கே இருந்தது, எந்த நிலையில் இருந்தது என்று சொல்கிறது. ஏன் அவ்வளவு தாழ இருந்தது என்று சொல்லவில்லை. ரொடீஷிய அரசின் விசாரணை ஆணையம் 1962 பிப்ரவரியில் அந்த "ஏன்" என்ற இடத்தில் விமானியின் தவறு என்று எழுதி மூடியது. வேறு எதற்கும் சான்று இல்லை, ஆகவே இதுதான் என்ற தர்க்கம். ஹம்மர்ஷோல்ட் வந்த விமானத்தை யாராவது தாக்க விரும்பியிருக்கக் காரணமே தெரியவில்லை என்றும் அந்த ஆணையம் சொன்னது. அந்த வாரம் ஐநாவுடன் போரில் இருந்த கட்டாங்கா அந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது என்பதை நினைத்தால், இந்த வாக்கியத்தை எழுதியவர்களின் அப்பாவித்தனம் வியக்க வைக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ஐநா ஆணையத்தின் அறிக்கை, விமானியின் தவறையும் தள்ளவில்லை, நாசவேலையையும் தாக்குதலையும் தள்ளவில்லை. திறந்த முடிவு.

இனி, பார்த்தவர்கள்.

விழுந்த இடத்தைச் சுற்றி இருந்தவர்களில் பலர் காட்டில் மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவர்கள். கரிமூட்டத்தை இரவில் விட்டுவிட்டுத் தூங்க முடியாது. எங்காவது வாய் திறந்து காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். நடுநிசியில் ஒரு காட்டில் விழித்துக்கொண்டு இருப்பவர்கள் வேண்டுமென்றால் இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. இவர்களில் சிலரும், என்டோலாவை அடுத்த குடியிருப்புகளில் இருந்த சிலரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கதையைச் சொன்னார்கள். பெரிய விமானம் ஒன்று வந்தது. அதன் மேலேயோ பின்னாலேயோ சிறியது ஒன்று வந்தது. சிறியதிலிருந்து ஒரு வெளிச்சம் பாய்ந்தது. பெரியது தீப்பற்றி விழுந்தது. ட்வாப்பியா குடியிருப்பின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவரும் பின்னாளில் சாம்பிய அரசியலில் அறியப்பட்டவருமான டிமதி கன்காசாவும் இரண்டு விமானங்களைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் ஒருவர்.

ரொடீஷிய ஆணையம் இவற்றைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. சாட்சிகளுக்கு அரசியல் நோக்கம் இருக்கலாம் என்ற சந்தேகம் ஒரு காரணம். அது, பின்னாளில் சாம்பியாவின் முதல் அதிபரான கென்னத் கவுண்டாவின் கட்சி வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக ஒத்துழையாமை நடத்திக்கொண்டிருந்த காலம். ஆப்பிரிக்கர் ஒருவர் போலீஸ் நிலையத்துக்குப் போய் "நான் பார்த்தேன்" என்று சொல்வது சாதாரணக் காரியம் இல்லை. போகாதவர்களிடம் "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை" என்று கேட்டார்கள். அதற்கான பதில் அந்த வழக்கிலேயே இருக்கிறது. விடிகாலையில் உடைசலைக் கண்ட கரி சுடுபவர்கள் சிலர் அங்கே கிடந்த ஒரு பொருளைத் தட்டச்சு எந்திரம் என்று நினைத்து எடுத்துப் போனார்கள். அது ஹம்மர்ஷோல்டின் சங்கேத எந்திரம். அவர்கள் திருட்டுக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார்கள். அந்தக் காட்டில் இருந்த மற்றவர்களுக்கு அதன் பிறகு வாய் திறக்கத் தோன்றியிருக்குமா?

ஆக, அவர்களைத் தள்ளியது தவறான காரணத்துக்காக. இதுவரை சந்தேகம் இல்லை. ஆனால் தாக்குதல் என்று வாதிடும் பல எழுத்துகள் இங்கே ஒரு படியைத் தாண்டிக் குதிக்கின்றன. அநியாயமாக நம்பப்படாதவர் சொன்னது அதனாலேயே உண்மையாகிவிடாது. அவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள் என்று முழுதாக ஏற்றுக்கொண்டபின்னும், இருட்டில் ஒரு கண் எதைப் பார்க்க முடியும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு விமானம் மரத்தில் மோதி வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் அந்தக் கணமே கண்ணுக்கு வந்துவிடும். ஓசை வர ஏறக்குறைய 15 நொடி ஆகும். அதற்குள் விமானத்தின் எஞ்சின் இரைச்சல் மட்டும் காதில் விழுந்துகொண்டிருக்கும். அதாவது பார்ப்பவருக்கு முதலில் நெருப்பு, அதற்குப் பிறகும் விமானச் சத்தம், அப்புறம் வெடிச் சத்தம். இதைக் கதையாகச் சொல்லும்போது, "தீப்பிடித்தது, பிறகும் பறந்தது, பிறகு விழுந்து வெடித்தது" என்று மனம் தானாகக் கோத்துக்கொள்ளும். பொய் இல்லை, கண்ணும் காதும் வேறு வேறு நேரத்தில் கொண்டுவந்ததை ஒரே வரிசையில் வைப்பது. பெரிய விபத்துகள் பலவற்றில் புலனாய்வாளர்கள் இதைப் பார்த்திருக்கிறார்கள். 1996இல் நியூயார்க் அருகே கடலில் விழுந்த டிடபிள்யூஏ 800 விமானத்தைப் பற்றியும் நூற்றுக்கணக்கானோர் வானில் ஒரு ஒளிக்கீற்று ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஏவுகணை என்று பெரும் பேச்சு எழுந்தது. எரிபொருள் தொட்டி வெடித்து முன்பகுதி கழன்றபின் எரிந்தபடி பறந்த மிச்ச விமானத்தைத்தான் அவர்கள் பார்த்தார்கள் என்பது அங்கே விசாரணையின் முடிவு.

என்டோலாவிலும் அப்படி ஒரு விளக்கம் உண்டு. விமானத்தின் மேல் பளிச்சிடும் சிவப்பு எச்சரிக்கை விளக்கைத்தான் இரண்டாவது விமானம் என்று நினைத்திருப்பார்கள் என்பது. சிலருக்கு இது பொருந்தலாம். எல்லாருக்கும் பொருந்துமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டின் அளவு வேறுபட்டது, ஒன்று மேலே இருந்து கீழே பாய்ந்தது என்று சொல்பவரை ஒரு விளக்கின் மிணுக்கலில் அடக்க முடியாது. தவிர, பார்த்தவர்களில் வெள்ளையரும் உண்டு. ஒரு போலீஸ் அதிகாரியே அந்த நேரத்தில் வானில் ஒரு வெளிச்சத்தைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார்.

நேரமும் வம்பு செய்கிறது. இறங்க வரும் டிசி-6பி நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் போகும். விமானம் ஓடுபாதையின் மேலே இருந்தது 12.10க்கு என்றால், 15 கிலோமீட்டர் மேற்கே போகவே மூன்று நிமிடம் வேண்டும், வளைந்து திரும்ப மேலும் ஒன்றிரண்டு நிமிடம். கோபுரத்தின் கடிகாரக் குறிப்பில் ஒரு நிமிடம் முன்பின் ஆனால் பாதை ஐந்து கிலோமீட்டர் நகர்ந்துவிடும். விமானம் ஊருக்கு மேலே இரண்டு மூன்று முறை வட்டமடித்தது என்று சொன்ன சாட்சிகளும் உண்டு. அது உண்மையானால் இந்தக் கணக்கு முழுவதையும் கலைத்துப் போட வேண்டும். கைக்கடிகாரம் இல்லாத ஒருவரிடம் "நள்ளிரவுக்கு எவ்வளவு நேரம் கழித்து" என்று கேட்டு வாங்கிய பதிலை இந்த அளவு நுணுக்கமான வரைபடத்தில் ஒட்டவைக்க முடியாது. இரு தரப்பும் ஒட்டவைத்திருக்கின்றன.

2000களின் பிற்பகுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த யோரான் பியோர்க்டால் என்டோலா சுற்றுவட்டாரத்தில் உயிரோடு இருந்த முதியவர்களைத் தேடிப் பேசினார். 1961இல் யாரும் கேட்காதவர்கள் சிலர் அப்போதுதான் பேசினார்கள். அதை ஆய்வாளர் சூசன் வில்லியம்ஸின் 2011ஆம் ஆண்டு நூல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. விசாரணை மறுபடி உயிர்பெற்றது இவர்களால்தான். ஆனாலும் ஐம்பது ஆண்டு கழித்து வரும் நினைவுக்கு ஓர் எல்லை உண்டு. இடைப்பட்ட காலம் முழுவதும் அந்த ஊரில் இந்தக் கதை பேசப்பட்டிருக்கிறது. எது கண்டது, எது கேட்டது என்று சொல்பவருக்கே பிரிக்க முடியாது. என் மதிப்பில் இந்தப் பிற்காலச் சாட்சியங்களைவிட, 1961-62இலேயே பதிவாகி, ஏற்கப்படாமல் கிடந்த வாக்குமூலங்களுக்குத்தான் எடை அதிகம்.

அதிலும் எடை மிகுந்தது உள்ளே இருந்தவரின் வார்த்தை. அமெரிக்கரான சார்ஜென்ட் ஹரோல்ட் ஜூலியன், ஐநா பாதுகாவலர், விழுந்த விமானத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தார். உடல் பெரும்பாலும் வெந்துபோய், மறுநாள் பிற்பகல் வரை வெயிலில் கிடந்தார். விழுந்து சுமார் 15 மணி நேரம் கழித்துத்தான் உடைசலைக் கண்டுபிடித்தார்கள் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. பொதுச்செயலாளர் வேறு எங்காவது போக முடிவெடுத்திருப்பார் என்று சொல்லி நிலையத்தை மூடிவிட்டுத் தூங்கப் போயிருந்தார்கள் என்டோலா விமான நிலையப் பொறுப்பாளர்கள். மருத்துவமனையில் ஒரு காவல் ஆய்வாளர் ஜூலியனிடம் பேசினார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "வெடித்தது" என்றார். "ஓடுபாதைக்கு மேலேயா?" என்று ஆய்வாளர் கேட்டார். "ஆமாம்." பிறகு? "பெரும் வேகம்." பிறகு? "மோதியது." அதற்குப் பிறகு சுற்றிலும் சின்னச் சின்ன வெடிப்புகள் என்றார். வானில் தீப்பொறிகள் என்று அவர் சொன்னதைச் செவிலியர் கேட்டிருக்கிறார்கள். செப்டம்பர் 23 அன்று இறந்தார்.

ஆணையம் இதை நோயாளியின் பிதற்றல் என்று ஒதுக்கியது. அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களில் ஒருவர், பேசும்போது அவர் தெளிவாகத்தான் இருந்தார் என்று பின்னாளில் சொன்னார். ஆனால் அந்த உரையாடலையே கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். "ஓடுபாதைக்கு மேலே" என்பது ஜூலியனின் சொல் இல்லை, கேட்டவரின் சொல். வலியில் இருப்பவர் ஆமாம் என்றார், அவ்வளவுதான். பாதையை வரைபவர்கள் இந்த ஓர் "ஆமாம்" மேல் ஒரு வான்வெடிப்பையே கட்டியிருக்கிறார்கள். "வெடித்தது", "பெரும் வேகம்" இரண்டும் அவராகச் சொன்னவை. அவற்றை யாரும் தொடர்ந்து கேட்கவில்லை. வெடித்தது வேகத்துக்கு முன்னாலா, பின்னாலா, வெளியிலிருந்தா, உள்ளிருந்தா? அத்தனை நாள் உயிரோடு இருந்த ஒரே சாட்சியிடம் முறையான விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. இந்த முழு வழக்கிலும் மன்னிக்க முடியாதது இதுதான் என்று நினைக்கிறேன்.

வானிலேயே வெடித்திருந்தால் துண்டுகள் பாதை நெடுக விழுந்திருக்க வேண்டும். அதை ரொடீஷியர்கள் தேடாமல் இல்லை. 180 பேரை விட்டு ஆறு சதுர கிலோமீட்டர் காட்டைச் சலித்தார்கள். முதல் மரத்துக்கு முன்னால் விமானத்தின் பாகம் எதுவும் கிடைக்கவில்லை. உருகி உறைந்த உலோகத்தை மறுபடி உருக்கித் தோட்டா தேடினார்கள். இரண்டு பாதுகாவலர்களின் உடலில் தோட்டாக்கள் இருந்தன. ஆனால் அவற்றில் துப்பாக்கிக் குழலின் வரிகள் இல்லை. அதாவது சுடப்பட்டவை அல்ல, பெட்டியில் இருந்த தோட்டாக்கள் நெருப்பில் வெடித்தவை. வெடிகுண்டுக் கதைக்கு இது பெரிய அடி. அன்று காலை எலிசபெத்வில்லில் இதே விமானம் சுடப்பட்டு, லியோபோல்ட்வில்லில் பழுது பார்க்கப்பட்டு, சற்று நேரம் காவலின்றி நின்றது என்பதால் அந்தச் சந்தேகம் இன்றும் சுற்றி வருகிறது. பாதையோடு அது ஒட்டவில்லை.

ஆனால் இன்னொரு விமானம் சுட்டது, அல்லது சுடுவதுபோல மேலே பாய்ந்து வந்தது, அதில் விமானி ஒரு சில நொடி கவனம் சிதறித் தாழ இறங்கிவிட்டார் என்றால்? அப்போது சக்கரம் இறங்கியே இருக்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், சாய்வான வெட்டு காட்டில் விழும், பாதையில் துண்டுகள் இருக்காது. கரி சுடுபவர் சொன்னதும் புற்றில் மோதிய இறக்கையும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. டான்சானியாவின் முன்னாள் தலைமை நீதிபதி முகமது சாண்டே ஒத்மான், ஐநா நியமித்த ஆய்வாளராக 2017இல் கொடுத்த அறிக்கையில் கிட்டத்தட்ட இங்கேதான் வந்து நின்றார்: வெளித் தாக்குதலோ மிரட்டலோ காரணமாக இருந்திருப்பது நம்பத்தகுந்தது, நேரடியாகவோ விமானியின் கவனத்தைக் கணநேரம் கலைத்தோ.

இது நேர்மையான முடிவு. கொஞ்சம் வசதியான முடிவும்கூட. கவனச் சிதறல் உடைசலில் தடயம் விடாது. ஆகவே காட்டுக்குள் இனி எதைத் தேடினாலும் இதை நிரூபிக்கவோ உடைக்கவோ முடியாது. இரண்டாவது விமானம் ஒன்று உண்மையில் பறந்ததா என்பதை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். முதல் கேள்வி, பறந்திருக்க முடியுமா? ஃபூகாவால் அவ்வளவு தூரம் வந்து திரும்ப முடியாது, இரவில் ரேடார் இல்லாமல் ஒரு விமானத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பது பழைய பதில். தூரம் எட்டும் எல்லைக்குள்தான் என்று பின்னால் வந்த வல்லுநர்கள் காட்டினார்கள். கட்டாங்காவிடம் டோர்னியர் போன்ற வேறு விமானங்களும் இருந்தன என்பதை ஒத்மான் அறிக்கை எடுத்துச் சொன்னது. இருட்டில் கண்டுபிடிப்பது மட்டும் இன்றும் கடினமான கேள்வி. விளக்குகளோடு ஒரே ஓடுபாதைக்கு இறங்க வரும் விமானத்துக்காக அந்த ஓடுபாதைக்கு மேலேயே காத்திருந்தால் அவ்வளவு கடினம் இல்லை என்பார்கள். அதற்கு வரும் நேரம் தெரிந்திருக்க வேண்டும். யாருக்குத் தெரியும்?

கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும். அன்றிரவு சைப்ரஸில் அமெரிக்க ஒட்டுக்கேட்பு நிலையத்தில் இருந்த கடற்படை அதிகாரி சார்லஸ் சவுத்ஹால், ஒரு விமானி தான் ஒரு போக்குவரத்து விமானத்தைத் தாக்கப் போவதாகவும், பிறகு அது எரிந்து விழுவதாகவும் சொன்ன ஒலிப்பதிவைக் கேட்டதாகப் பல ஆண்டுகளுக்குப் பின் சொன்னார். கிரீட் தீவில் இருந்த இன்னொரு அமெரிக்கரும் இதுபோன்ற ஒரு செய்தியைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அதே செப்டம்பர் 18 அன்று, லியோபோல்ட்வில்லில் இருந்த அமெரிக்கத் தூதர் எட்மண்ட் கல்லியன் வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்தியில், கட்டாங்காவுக்காகப் பறந்த ஒரு பெல்ஜிய விமானியின் பெயரையே குறிப்பிட்டு, அவர் சுட்டிருக்கலாம் என்று எழுதினார். அந்த விமானி கடைசிவரை மறுத்தார். முன்னாள் அதிபர் ட்ரூமன் ஓரிரு நாளில் செய்தியாளர்களிடம் "அவர்கள் அவரைக் கொன்றபோது" என்று சொல்லி, தான் சொன்ன வார்த்தையைக் கவனிக்கச் சொன்னார். விளக்கம் கொடுக்கவில்லை.

சவுத்ஹால் சொன்னதும் ஒரு சாட்சியம்தான். கரி சுடுபவரின் நினைவுக்குப் பொருந்துகிற எல்லைகள் அவருக்கும் பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. கரி சுடுபவர் பார்த்தது வானத்தோடு போய்விட்டது. சவுத்ஹால் கேட்டதாகச் சொல்வது ஓர் அரசாங்க நாடாவில் இருந்தது. அதற்கு அலைவரிசை உண்டு, நேரம் உண்டு, பதிவேட்டில் ஒரு வரி உண்டு. என்டோலா விமான நிலையத்திலேயே அன்றிரவு சக்தி வாய்ந்த வானொலிக் கருவிகளோடு அமெரிக்க விமானப்படை விமானம் நின்றிருந்தது. கரி சுடுபவர்கள் தூக்கிப் போன அந்தச் சங்கேத எந்திரம் வழியாகச் சென்ற செய்திகளைக்கூட மேற்கத்திய உளவு அமைப்புகள் படித்திருக்க வாய்ப்புண்டு என்று ஒத்மான் அறிக்கை சொல்கிறது.

2019இல் ஒத்மான் தன் அறிக்கையில் பொறுப்பைத் திருப்பிப் போட்டார். தகவல் இருக்கிறது என்று தான் நிரூபிக்க வேண்டியதில்லை, முழுமையாகத் தேடிவிட்டோம் என்று உறுப்பு நாடுகள்தான் காட்ட வேண்டும் என்றார். 2022இலும் 2024இலும் அடுத்த அறிக்கைகள் வந்தன. அமெரிக்காவிடமும் பிரிட்டனிடமும் தென்னாப்பிரிக்காவிடமும் கேட்டது கேட்டபடியே இருக்கிறது. கேட்பது பெரிய விஷயம் இல்லை: நள்ளிரவு 12.10 முதல் ஒரு பத்து நிமிடத்துக்கு அந்த வட்டாரத்தில் எந்த அலைவரிசையில் யார் பேசினார்கள் என்ற பதிவு. அதில் இன்னொரு விமானியின் குரல் இருந்தால் காட்டில் பார்த்தவர்கள் சொன்னது நிற்கும். முழுப் பதிவையும் திறந்துகாட்டி, அதில் எதுவும் இல்லை என்றால், களைத்த விமானியும் இருண்ட காடும் என்ற பழைய விளக்கத்துக்கு முதல் முறையாக உண்மையான ஆதாரம் கிடைக்கும்.